சாய்ந்து நிற்கும் ஐந்து எழுத்து

மோர்ட்டி கிளான்ஸுக்கு அந்த மெஷினை வாங்கிய நாளிலிருந்து ஒரே கவலைதான். ஊருக்கு எப்படிச் சொல்வது?

அவருடைய அச்சுக்கோப்பகம் மன்ஹாட்டனில் மேற்கு நாற்பத்தைந்தாம் தெருவில் எட்டாவது மாடியில் இருந்தது. சுற்றிலும் விளம்பரக் கம்பெனிகள். அவர்கள் தலைப்புகளை எழுதி அனுப்புவார்கள், மோர்ட்டியின் ஆட்கள் எழுத்துக் கோத்து அனுப்புவார்கள். அதே தெருவில் அதே வேலையைச் செய்கிற கடை இன்னும் ஆறு இருந்தன. ஒருவனை விட்டு ஒருவனிடம் வாடிக்கையாளர் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. போனை எடுத்த பெண் குரலை உயர்த்திப் பேசினாள் என்பதே போதும்.

புது மெஷின் அப்படியில்லை. அது செய்ததை மற்ற ஆறு கடைகளாலும் செய்ய முடியாது. ஈய எழுத்துக்கு உடம்பு உண்டு. எவ்வளவு நெருக்கினாலும் இரண்டு ஈயத் துண்டுகள் முட்டிக்கொண்டு நின்றுவிடும், நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீரும். இந்த மெஷினில் எழுத்து வெறும் ஒளிதான். பிலிமில் இருக்கும் எழுத்தின் வழியாக வெளிச்சம் பாய்ந்து, ரசாயனத்தில் நனைந்த காகிதப் பட்டையில் விழும். அது மெல்லக் கறுத்து எழுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த எழுத்தைப் பக்கத்தில் வைக்கலாம். தொடவிடலாம், சாய்க்கலாம், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றலாம். எல்லாம் கண்ணளவுதான்.

அந்தக் கண் எவாந்தியாவுடையது. கடையில் எல்லோருக்கும் ஈவா. நாற்பத்தெட்டு வயது. ஏழு வருடம் மெய்ப்புத் தாள் எடுக்கும் அச்சின் முன்னால் நின்றவளை மெஷின் வந்ததும் இருட்டறைக்கு அனுப்பினார்கள். முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறை அது. ஜன்னல் இல்லை. மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று. மெஷினில் எழுத்தைப் பார்க்கும் கண்ணாடி நிற்பவரின் கண்மட்டத்துக்கு இருந்ததால் நின்றுதான் வேலை. மதியத்துக்கு மேல் கால் வீங்கிவிடும், செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்திக்கொள்வாள். விரல் நகங்கள் ரசாயனத்தில் பழுப்பேறிப் போயிருந்தன. ஆஸ்டோரியாவில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த தம்பி தனாசிஸ், ஓர் உணவு விடுதியில் சமையல்காரன். அவள் வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

"ஊறுகாய் போடுறது நானு, நாத்தம் உன்கிட்ட. அங்க என்னக்கா பண்றாங்க, உன்னை ஜாடியில போட்டு ஊற வைக்கிறாங்களா?"

"ஆமாடா. இன்னும் ஒரு வருஷம் போனா தட்டுல வச்சுடலாம்."

மெஷினின் பெருமையைச் சொல்ல மோர்ட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். படம் கிடையாது, வசனம் கிடையாது. எழுத்தாலேயே ஒரு விளம்பரம். ஒரே ஒரு சொல். அதைப் பார்த்த மாத்திரத்தில் ஊரிலுள்ள வடிவமைப்பாளர்கள் எல்லோரும், இதை யார் கோத்தது என்று கேட்க வேண்டும். அதைச் சுவரொட்டியாக அச்சடித்து மூவாயிரம் பேருக்குத் தபாலில் அனுப்புவது. வடிவமைக்கப் பெயர்போன ஆள் ஒருவரைப் பிடித்தார். கான்ராட் தேயர்.

தேயர் தேர்ந்தெடுத்த சொல் 'குளோஸ்'. 'கிட்டே' என்று பொருள். எழுத்துகள் நெருங்கி நிற்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான சொல் எது? பென்சிலில் வரைந்து அனுப்பினார். ஈவா கோத்து அனுப்பினாள். மறுநாள் அது மெல்லிய தாள் ஒட்டித் திரும்பி வந்தது. "எஸ் இன்னும் ஒரு மயிரிழை இடதுபக்கம்" என்று எழுதியிருந்தது. நகர்த்தினாள். மறுபடி வந்தது: "ஓ கொஞ்சம் மூச்சுத் திணறுகிறது." ஓவுக்கு மூச்சு விட இடம் கொடுத்தாள். அதற்கடுத்து வந்ததில், "எஸ் பழைய இடத்துக்கே வரட்டும்" என்று இருந்தது.

இப்படி ஆறு வாரம். வாடிக்கையாளர் வேலைகள் ஒருபக்கம் வந்துகொண்டேயிருந்தன. பல்பொடி, கார், விமானக் கம்பெனி. அவற்றை முடித்துவிட்டுத்தான் கடையின் சொந்த விளம்பரம். பதினான்காவது முறையாக அது திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். ஈவா தாளைப் பிரித்துப் படித்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது, அது இல்லை. கதவைச் சாத்தி, மஞ்சள் விளக்கைப் போட்டு, தேயரின் தாளை ஓரமாக வைத்தாள். மிச்சம் கிடந்த காகிதப் பட்டையில் தன் போக்கில் ஒரு சொல்லைக் கோக்கத் தொடங்கினாள்.

'வியரி'. களைத்துப்போன நிலைக்கு ஆங்கிலத்தில் உள்ள ஐந்தெழுத்துச் சொல்.

டபிள்யூவைக் காலை அகட்டி உட்கார்ந்துவிட்டதுபோல் தாழ்த்தி வைத்தாள். ஈயை அதன் தோளில் சாய்த்தாள். ஏ அந்த ஈயின் மேல் முழுப் பாரத்தையும் போட்டது. கடைசியில் நின்ற ஒய், இரண்டு கையையும் தூக்கிக் கொட்டாவி விட்டபடி பின்னால் விழப்போனது. பக்கத்திலிருந்த ஆர் தன் முன்காலை நீட்டி அதற்கு முட்டுக் கொடுத்தது. ஒன்றை எடுத்துவிட்டால் ஐந்தும் விழுந்துவிடும். எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. கழுவி, கொடியில் மாட்டிவிட்டு, தேயரின் எஸ்ஸை நகர்த்தப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மோர்ட்டி ஏதோ கேட்க இருட்டறைக்குள் வந்தார். கேட்க வந்ததை மறந்து கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

"இது எந்தக் கம்பெனி வேலை?"

"எந்தக் கம்பெனியும் இல்ல. சும்மா போட்டது."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. உடம்பு வலிச்சுது, போட்டேன்."

"உடம்பு வலிச்சா ஜனங்க தைலம் தேய்ப்பாங்க, ஈவா."

"தைலம் வாங்க எங்க விடுறீங்க?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஈரம் காயாத பட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் தேயரே நேரில் வந்தார். ஆறு வாரத்தில் அதுதான் முதல் தடவை. பட்டையை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இதுல நான் கைவைக்க மாட்டேன்" என்றார். "என்னுதைத் தூக்கிக் குப்பையில போடு மோர்ட்டி. இதான் விளம்பரம்." நல்ல மனிதர்தான். அடியில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: எங்கள் எழுத்துகள் இப்படியும் நிற்கும். அதன் கீழே கடையின் பெயர். அவர் போன பிறகு, ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், அவருடைய பெயரையும் போடச் சொன்னார் மோர்ட்டி. அதையும் கோத்தது ஈவாதான்.

சுவரொட்டி போன இடமெல்லாம் சுவரில் ஏறியது. விளம்பரக் கம்பெனிகள் நிறைந்த மேடிசன் அவென்யூவில் அது இல்லாத அலுவலகம் இல்லை என்று, கடைக்கு வேலை பிடித்துவரும் ஃபீனி வந்து சொன்னான். வெற்றுக் காகிதம் விற்கும் கடையில்கூட மாட்டியிருக்கிறார்களாம். வசந்தம் முடிவதற்குள் வடிவமைப்பாளர்களின் ஆண்டு விருதுப் பட்டியலில் அது வந்துவிட்டது. மோர்ட்டி எல்லோரையும் நடுக்கூடத்துக்குக் கூப்பிட்டு, மாட்டிறைச்சி சாண்ட்விச்சும் சீஸ் கேக்கும் தருவித்து, பத்திரிகையைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"வடிவமைப்பு, கான்ராட் தேயர். அச்சுக்கோப்பு, கிளான்ஸ் அச்சுக்கோப்பகம், நியூயார்க்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஈவாவும் தட்டினாள். கேக்கை நின்றபடியே சாப்பிட்டாள், நாற்காலியெல்லாம் நிரம்பியிருந்தது. மெய்ப்புப் பார்க்கும் திருமதி ஹாவ்லிசெக் பத்திரிகையை வாங்கிக் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பிறர் தவறுகளையே படித்துப் பழகியவள்.

"இதுல ஒரு பிழை இருக்கே" என்றாள்.

மோர்ட்டிக்கு முகம் மாறியது. "எங்க? கடைப் பேரைத் தப்பாப் போட்டுட்டானா?"

"பேர்ல தப்பில்ல. ஒரு பேர் விட்டுப்போச்சு." காதில் செருகியிருந்த நீலப் பென்சிலை எடுத்து, விடுபட்ட இடத்தில் செருகல் குறி ஒன்று போட்டு, ஓரத்தில் ஈவாவின் பெயரை எழுதிப் பத்திரிகையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மோர்ட்டி பத்திரிகையை மடித்தார். பிறகு ஈவாவைத் தனியே அழைத்துச் சொன்னார்: "கோவிச்சுக்காதே. பேர் போட்டா என்ன ஆகும் தெரியுமா? மறுநாளே எதிர்க்கடைக்காரன் உனக்குப் போன் போடுவான். எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில ஆள் பேர் வெளிய போனதில்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் ஈவா. உண்மையில் அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது எங்காவது உட்கார வேண்டும் என்பதைத்தான்.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது. ஊருக்கே எழுத்துகள் சாய வேண்டியிருந்தது. பாலாடைக்கட்டிக்குத் தலைப்பு சாய்ந்தது, வங்கிக்குச் சாய்ந்தது. வயிற்றெரிச்சல் மாத்திரைக்காரன் ஒருவன், "எனக்கும் அந்தக் களைச்ச எழுத்து மாதிரியே வேணும், ஆனா சுறுசுறுப்பா இருக்கணும்" என்று போனில் கேட்டான். முன்பு நாளைக்குப் பன்னிரண்டு தலைப்பு கோத்தவள் இப்போது நாற்பது கோத்தாள். களைப்பைப் பற்றிய அந்த ஒற்றைச் சொல் அவளுக்கு இதைத்தான் கொண்டுவந்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்றவளின் தொப்பியில் முட்டிக்கொண்டாள்.

ஜூன் மாதம் லொரெயின் டட்டில் என்ற பெண் நேரில் வந்தாள். பெரிய கம்பெனியில் வடிவமைப்பாளர். குரல் கட்டை, சிகரெட் ஓயாது. "அந்த எழுத்தைச் சாய்ச்சது யாரு, அவங்களைப் பாக்கணும்" என்றாள். ஃபீனி தேயரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தான்.

"தேயரை எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும். அது அவர் கை இல்ல. அந்த ஒய்யைத் தாங்குறது பக்கத்துல இருக்கிற ஆர்தான், பாத்தீங்களா? நாள் முழுக்க நின்னவங்களுக்குத்தான் அது தோணும். அவர் வாழ்க்கையில நின்னதே கிடையாது."

திருமதி ஹாவ்லிசெக் எழுந்து அவளை இருட்டறை வாசலில் கொண்டுபோய் விட்டாள். லொரெயின் உள்ளே பத்து நிமிடம் இருந்தாள். அதிகம் பேசவில்லை. ஒரு தலைப்பு எழுத்து எழுத்தாகக் கறுத்து வருவதைப் பார்த்தாள். போகும்போது ஈவாவின் பழுப்பு விரலைப் பிடித்துக் குலுக்கி, "உக்காந்து பண்ண முடியாதா இதை?" என்று கேட்டாள்.

"முடியும். உயரமா ஒரு ஸ்டூல் வேணும்."

"கேட்டீங்களா?"

ஈவா யோசித்துப் பார்த்தாள். கேட்டதே இல்லை.

ஆகஸ்டில் இரண்டாவது விளம்பரம். இந்த முறை ஒரு தொழில் பத்திரிகையில் முழுப் பக்கம் பிடித்திருந்தார் மோர்ட்டி. செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் பக்கம் அங்கே இருக்க வேண்டும். தேயர் கடலோரம் போனவர் திரும்பவில்லை. தந்திக்கும் பதில் இல்லை. திங்கட்கிழமை காலை மோர்ட்டி இருட்டறைக் கதவைத் தட்டினார்.

"ஈவா, நீயே ஏதாவது போடு. பசி, தூக்கம், சோகம், உனக்கு என்ன தோணுதோ அது. போன தடவை மாதிரி."

"போன தடவை நான் விளம்பரம் போடல மோர்ட்டி."

"அதான் நல்லா வந்துச்சு. இப்பவும் விளம்பரம்னு நினைக்காதே."

திங்கள் முழுவதும் முயன்றாள். பசி என்று கோத்தாள். எழுத்துகள் வயிறு நிறையச் சாப்பிட்டவை போல நின்றன. தூக்கம் என்று கோத்தாள். பொம்மைக் கடைப் பலகை மாதிரி இருந்தது. சொல்லி வைத்து வராது போலிருக்கிறது. செவ்வாய் காலை ரயிலில், ஒருவர் முதுகும் ஒருவர் முழங்கையுமாக நசுங்கி நின்றபோது, அவளுக்கு ஒன்று தோன்றியது. கடைக்குப் போனதும் திருமதி ஹாவ்லிசெக்கிடம் கேட்டு, அங்கே வேலை செய்யும் பதினோரு பேரின் முழுப்பெயரையும் பிழையில்லாமல் எழுதி வாங்கிக்கொண்டாள்.

பதினோரு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் கோத்தாள். ஒரு பெயரின் தொங்கும் வால் கீழே இருப்பவரின் இடைவெளிக்குள் நுழைந்தது. ஒருவரின் தலை மேலே இருப்பவரின் கைக்கடியில் போனது. நெரிசல் நேர ரயில்போல எல்லோரும் முட்டிக்கொண்டு, யாரும் யாரையும் மிதிக்காமல், ஒரு சதுரமாக நின்றார்கள். அடியில் ஒரு வரி: இதைக் கோத்தவர்கள்.

பதினொன்றரைக்கு மோர்ட்டி அதைக் கையில் வாங்கினார். தன் பெயரைத் தேடினார். ஆறாவது வரியில், தரை துடைக்கும் அவுரேலியோவுக்கும் திருமதி ஹாவ்லிசெக்குக்கும் நடுவில் இருந்தது.

"என்ன இது?"

"விளம்பரம்."

"நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? பேரு போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"எனக்குத் தோணுறதைப் போடச் சொன்னீங்க. இதான் தோணுச்சு. வேற எதுவும் தோணல, மோர்ட்டி. எனக்கு உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல."

அவர் ஏதோ கத்தப் போனார். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சுவரை எடுத்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தது. அவர் மறுபடி பட்டையைப் பார்த்தார். எழுத்துக் கோப்பதில் நாற்பது வருடம் ஊறியவர். அது எவ்வளவு கடினமான வேலை என்று அவருக்குத் தெரியாமலிருக்குமா? மணி பார்த்தார். ஃபீனி தொப்பியோடு தயாராக நின்றான்.

"எடுத்துட்டுப் போ" என்றார், யாரையும் பார்க்காமல். "வெறும் பக்கமா விடுறதுக்கு இது மேல்."

விளம்பரம் வெளிவந்தது. யாரும் அதைச் சுவரில் மாட்டவில்லை. விருதுப் பட்டியலில் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் புது வாடிக்கையாளர் ஒருவர்கூட வரவில்லை. ஆனால் மோர்ட்டி சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. அந்த வாரமே போன்கள் வந்தன. கோத்ததை அச்சுக்குப் படமெடுக்கும் கேமரா ஆட்கள் இருவர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒரு பதிப்பகம் திருமதி ஹாவ்லிசெக்கைக் கூப்பிட்டது. "இந்த வயசுல புதுப் பிழைகளைப் பழகிக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவுரேலியோவுக்கும் ஒரு போன் வந்தது, அவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரியாமலே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஈவாவை மூன்று கடைகள் கூப்பிட்டன. ஒரு மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தாள். பளபளவென்றிருந்த புது மெஷின். இருட்டறை இதைவிட இரண்டு மடங்கு. அந்த முதலாளி, "நாங்க உங்களை ராணி மாதிரி வச்சுக்குவோம்" என்றான்.

"வேலை எத்தனை மணி வரைக்கும்?"

"வேலை முடியிற வரைக்கும்."

மெஷினின் கண்ணாடியைப் பார்த்தாள். அதுவும் நிற்பவரின் கண்மட்டத்தில்தான் இருந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மோர்ட்டி தன் அறையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "நீ எங்க போயிட்டு வர்றேன்னு தெரியும்" என்றார். "சொல்லு. எப்பலேருந்து?"

"போகல."

அவர் நம்பவில்லை. "அப்ப என்ன வேணும்?"

"மெஷினுக்கு இன்னொரு ஆள். அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும். அப்புறம் ஒரு ஸ்டூல். உயரமானது, முதுகு சாயுற மாதிரி."

"ஸ்டூலா?" என்றார் மோர்ட்டி. "ரெண்டு ஆளு போயாச்சு. ஒரு பக்கம் முழுக்க வீண். ஊரெல்லாம் என் ஆளுங்க பேரு. எல்லாம் ஒரு ஸ்டூலுக்கா? கேட்டிருந்தா முன்னாடியே வாங்கிக் கொடுத்திருப்பேனே!"

"தெரியும். கேக்கத் தோணல." பிறகு கொஞ்சம் நின்று சொன்னாள்: "நீங்களும் பாத்திருக்கலாம். தினமும் வர்றீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். அன்றுதான் அவள் அதைக் கவனித்தாள். "சரி" என்றார்.

ஸ்டூல் மூன்றாம் நாள் வந்தது. புதிய ஆள், யொலாண்ட் என்ற ஹைட்டிக்காரி, அக்டோபரில் சேர்ந்தாள். வந்த வாரமே ஈவாவைவிட வேகமாகக் கோத்தாள். அதில் ஈவாவுக்குச் சின்ன வருத்தமும் பெரிய நிம்மதியும்.

முதல்முறையாக ஐந்து மணிக்குக் கிளம்பிய வெள்ளிக்கிழமை, ரயிலில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதாளத்திலிருந்து ரயில் மேலேறி வெயிலுக்குள் வந்தது வரை நினைவிருந்தது. அதன் பிறகு யாரோ தோளைத் தொட்டார்கள். ரயில் காவலர்.

"கடைசி ஸ்டாப்பும்மா. எங்க எறங்கணும்?"

"பிராட்வே."

"அது மூணு ஸ்டாப் முன்னாடியே போயிடுச்சே. அடுத்த வண்டியில திரும்பிடுங்க."

நடைமேடையில் இறங்கினாள். திரும்பிப் போகும் வண்டி எதிரில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. அதில் ஏறவில்லை. படியிறங்கிப் போய், மூலைக் கடையில் எள் தூவிய வளைய ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, பூங்காப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் இன்னும் வலித்தது. ஆற்றின் மேல் வெயில் கிடந்தது. இந்த நேரத்தில் இந்த ஊருக்கு இவ்வளவு வெளிச்சம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. ரொட்டியை மெல்லப் பிய்த்துத் தின்றாள். தனாசிஸ் தேடுவான். தேடட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டாள்.